லிமூட்: ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படிப்பு, பாட்டு, கைவேலை

தேம்ஸ்வாசி:
நண்பர்களே, நாங்கள் இருப்பது வடமேற்கு லண்டன். யூதக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. பக்கத்து வீட்டுக்காரர் லிமூட் என்ற அமைப்பில் தொண்டர். அவர் கூப்பிட்டதால் சமீபத்தில் அவர்களுடைய ஒருநாள் நிகழ்ச்சிக்குப் போய் வந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பு, பாட்டு, கைவேலை, பிள்ளைகளுக்குத் தனி அறை என்று ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் கலகலவென்று இருந்தது. இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

முதலில் கொஞ்சம் பின்னணி. லிமூட் 1980இல் பிரிட்டனில் தொடங்கியது. கிளைவ் லாட்டன் உட்பட நான்கு பேர். அமெரிக்காவில் யூதக் கல்வியாளர்கள் கூடும் மாநாடு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி இங்கேயும் நடத்தலாமே என்று ஆரம்பித்தார்கள். முதலில் ஆசிரியர்களுக்கான சின்னக் கூட்டம்தான். பிறகு குடும்பங்கள் வந்தன, இளைஞர்கள் வந்தார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் நாடே விடுமுறையில் இருக்கும்போது பல நாள் விழாவாக வளர்ந்தது. பல ஆண்டுகள் வாரிக் பல்கலைக்கழக வளாகத்தில், பிறகு பர்மிங்ஹாமில். இரண்டாயிரம் பேருக்கு மேல் கூடிய ஆண்டுகள் உண்டு. அது தவிர ஊர் ஊராக ஒருநாள் நிகழ்ச்சிகள். இன்று பல நாடுகளில் அந்தந்த ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள்.

என்னை அசர வைத்தது அவர்களுடைய நடைமுறைதான். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர் மட்டும் இருக்கிறது. ரபி (யூத மதகுரு), டாக்டர், பேராசிரியர், தலைவர் என்று எதுவும் கிடையாது. பாடம் எடுப்பவருக்குச் சம்பளம் இல்லை. ஒரு மணி நேரம் பாடம் எடுத்தவர் அடுத்த மணி நேரம் வேறு அறையில் மாணவராகப் போய் உட்காருகிறார். காலையில் தல்மூத் (பழைய யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு) நடத்திய நரைத்த தலைப் பெரியவர் ஒருவர், மதியம் பள்ளிப் பையன் ஒருவன் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி நாடகம் பற்றிப் பேசிய வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். யாரும் இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

யூதர்களுக்குள் பிரிவுகள் பல. ஆர்த்தடாக்ஸ் மரபினர், சீர்திருத்தப் பிரிவினர், நடுவே நிற்கும் மசோர்த்தி பிரிவினர், கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்கள். தொழுகை என்று வந்தால் இவர்கள் ஒரே கூரையின் கீழ் நிற்க மாட்டார்கள். படிப்பு என்று வந்தால் நிற்கிறார்கள். நான் பார்த்ததில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

செங்காந்தள்:
அண்ணா, நல்ல இழை. நான் லீட்ஸில் இருக்கிறேன், இங்கேயும் பழைய யூதக் குடியிருப்பு உண்டு. வேலையிடத்தில் இருக்கும் ஒரு அக்கா லிமூட் பற்றிக் கதைத்திருக்கிறா. இரண்டு கேள்வி. யூதர் இல்லாதவர்கள் போகலாமா? அங்கே "படிப்பு" என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதா?

தேம்ஸ்வாசி:
தங்கச்சி, தாராளமாகப் போகலாம். கற்க வருகிற யாருக்கும் இடம் உண்டு என்பது அவர்கள் கொள்கை. என்னிடம் யாரும் எந்த மதம் என்று கேட்கவில்லை.

படிப்பில் சொற்பொழிவும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது ஹவ்ருத்தா. இரண்டு பேர் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பக்கத்தை உரக்க வாசித்து, வரிக்கு வரி கேள்வி கேட்டுக்கொள்ளும் முறை. யெஷிவா என்ற அவர்களுடைய பாடசாலைகளில் காலங்காலமாக இப்படித்தான். அறைக்குள் நுழைந்தால் சந்தைக்கடை மாதிரி சத்தம், ஆனால் ஒவ்வொரு ஜோடியும் தங்கள் பக்கத்திலேயே ஆழ்ந்து கிடக்கிறது. நம்மூர்ப் பட்டிமன்றத்தில் கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். இங்கே நடுவர் இல்லை. எதிரில் இருப்பவர் உங்கள் வாதத்தைக் கூர்மையாக்குவதற்காகத்தான் மறுக்கிறார்.

எங்களுக்குக் கொடுத்தது தல்மூத்தின் பாவா மெட்சியா பகுதியில் 59ஆம் ஏடு. பக்கம் அமைந்திருக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நடுவில் மூலம். ஓரத்தில் ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா ஊரில் வாழ்ந்த ராஷியின் உரை. மறுபக்கம் தோசஃபோத் என்ற உரைகள். அவற்றை எழுதியவர்களில் ராஷியின் பேரன்மாரும் உண்டு. பல இடங்களில் தாத்தா சொன்னதையே மறுக்கிறார்கள். மூன்றும் ஒரே பக்கத்தில், பக்கத்தில் பக்கத்தில். 1520களில் வெனிசில் டேனியல் போம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகத்தார் முழுத் தல்மூத்தையும் முதன்முதலாக அச்சிட்டபோது நிலைத்த அமைப்பு இது.

கதை இதுதான். துண்டு துண்டாக வெட்டி, இடையில் மணல் போட்டு அடுக்கிய ஓர் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்று வாதம். ரபி எலியேசர் படாது என்கிறார், மற்ற அறிஞர்கள் எல்லாரும் படும் என்கிறார்கள். அவர் உலகத்தில் உள்ள ஆதாரமெல்லாம் காட்டிப் பார்க்கிறார், ஒருவரும் ஏற்கவில்லை. "நான் சொல்வது சரி என்றால் இந்தக் கரோப் மரம் காட்டட்டும்" என்கிறார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. மரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்கிறார்கள். ஓடை பின்னோக்கிப் பாய்கிறது. அதுவும் ஆதாரம் இல்லை. கடைசியில் படிப்பு மண்டபத்தின் சுவர்கள் சாயத் தொடங்குகின்றன. ரபி யெகோசுவா சுவர்களை அதட்டுகிறார்: அறிஞர்கள் தங்களுக்குள் வாதாடினால் உங்களுக்கு என்ன? அவர் மேல் உள்ள மரியாதைக்காகச் சுவர் விழவில்லை, எலியேசர் மேல் உள்ள மரியாதைக்காக நிமிரவும் இல்லை. இன்னும் சாய்ந்தபடியே நிற்கிறது என்கிறது தல்மூத்.

அப்போது வானத்திலிருந்தே ஒரு குரல், எலியேசர் சொல்வதே சட்டம் என்கிறது. யெகோசுவா எழுந்து நின்று "அது வானத்தில் இல்லை" என்று தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வசனத்தையே எடுத்துப் போடுகிறார். சட்டத்தைச் சீனாய் மலையில் கொடுத்தாகிவிட்டது, இனிப் பெரும்பான்மை முடிவு செய்யும், வானத்துக் குரலுக்கு ஓட்டு இல்லை. பிறகு ரபி ஒருவர், எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்து, "அந்த நேரத்தில் கடவுள் என்ன செய்தார்?" என்று கேட்கிறார். "சிரித்தார். என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்று சொன்னார்."

என்னுடன் மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்ற தாதி. இந்த வரியை வாசித்ததும் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சரி, இப்போது சொல்லுங்கள், எலியேசர் சொன்னது தப்பா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னாலும் அதற்கு எதிர்க்கட்சி எடுத்தார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கல்வெட்டு:
தேம்ஸ்வாசி, உங்கள் உற்சாகம் புரிகிறது. ஆனால் எனக்கு இதில் ஒரு மனத்தடை இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் என்னுடன் வேலை பார்த்தவர் ஒருவர் தினம் விடிகாலையில் தல்மூத்தில் ஓர் ஏடு படிப்பார். தாஃப் யோமி என்று பெயர். ரபி மெயிர் ஷபீரோ 1923இல் தொடங்கி வைத்த திட்டம். உலகம் முழுக்க எல்லாரும் ஒரே நாளில் ஒரே ஏடு. பாபிலோன் தல்மூத் 2,711 ஏடுகள். முடிக்க ஏழரை ஆண்டு ஆகும். முடித்த மறுநாளே முதல் ஏட்டிலிருந்து ஆரம்பம். 2020 ஜனவரி 1ஆம் தேதி ஒரு சுற்று முடிந்ததைக் கொண்டாட நியூ ஜெர்சியின் மெட்லைஃப் கால்பந்து அரங்கம் நிரம்பி வழிந்தது. கடும் குளிரில், புத்தகம் படித்து முடித்ததற்காக. என் நண்பர் காய்ச்சலிலும் படித்தார், விமானத்திலும் படித்தார்.

அந்தப் படிப்பைப் பார்த்தவனுக்கு ஒருநாள் நிகழ்ச்சி மேலோட்டமாகத்தான் தெரியும். ஒரு மணி நேரம் தல்மூத், ஒரு மணி நேரம் கிளாரினெட், ஒரு மணி நேரம் காகிதம் வெட்டுதல். வீட்டுக்கு எதை எடுத்துப் போகிறார்கள்?

இன்னொன்று. நீங்கள் சொன்ன அடுப்புக் கதை பாதிதான். கடவுள் சிரிப்பதோடு அது முடியவில்லை. அதற்குப் பிறகு வருவது பயங்கரம். ரபி எலியேசர் தூய்மை என்று தீர்ப்புச் சொன்ன பொருட்களையெல்லாம் கொண்டுவந்து எரிக்கிறார்கள். ஓட்டெடுத்து அவரைச் சமூக விலக்குச் செய்கிறார்கள். அதை அவரிடம் போய்ச் சொல்வது யார்? "நான் போகிறேன். பக்குவமில்லாத ஆள் போய்ச் சொன்னால் உலகமே அழியும்" என்று ரபி அகீவா போகிறார். கறுப்பு உடை உடுத்தி, நான்கு முழம் தள்ளி உட்காருகிறார். "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்கிறார் எலியேசர். "ரபி, தோழர்கள் உங்களிடமிருந்து விலகி நிற்பதாகத் தோன்றுகிறது." அவ்வளவுதான் சொல்கிறார். கிழவர் உடையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுகிறார். அன்று ஒலிவத்திலும் கோதுமையிலும் பார்லியிலும் மூன்றில் ஒரு பங்கு கருகிப்போனது.

எலியேசரின் மனைவி இம்மா ஷாலோம். விலக்கத்துக்குத் தலைமை வகித்த ரப்பான் கமாலியேலுக்கு அவர் தங்கை. கணவர் முகங்குப்புற விழுந்து கடவுளிடம் முறையிட்டால் அண்ணன் உயிர் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அன்றிலிருந்து கணவரை அப்படி விழவிடாமல் காவல் காக்கிறார். ஒருநாள் கவனம் தப்புகிறது. அண்ணன் இறக்கிறார். கடவுளிடம் முறையிடும் எல்லா வாசல்களும் பூட்டப்படலாம், சொல்லால் காயப்பட்டவரின் வாசல் மட்டும் பூட்டப்படாது என்று தன் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக அந்த அம்மா சொல்கிறார். இந்தக் கதை வரும் பகுதியே சொல்லால் காயப்படுத்துவது பற்றியது.

ஒரு மணி நேர வகுப்பு கடவுள் சிரிக்கும் இடத்தில் மணியடித்து நின்றுவிடுகிறது. அதுதான் என் கவலை.

ஏட்டுச்சுவடி:
கல்வெட்டு ஐயா சொன்ன இரண்டாம் பாதி அருமை. ஆனால் ஒருநாள் படிப்பு மேலோட்டம் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு வரலாறு சொல்கிறேன்.

ஃப்ராங்க்ஃபுர்ட், 1920. ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற தத்துவவாதி அங்கே சுதந்திர யூதக் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்குகிறார். அவர் சாதாரண ஆள் இல்லை. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போரில் பால்கன் போர்முனையில் இருந்தபடி தாய்க்கு அனுப்பிய அஞ்சலட்டைகளிலேயே தன் தத்துவ நூலை எழுதத் தொடங்கியவர். இளம் வயதில் கிறிஸ்தவராக மாறும் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். பல்கலைக்கழக வேலை தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டுப் பெரியவர்களுக்கான கல்விக்கு வந்தார்.

அவர் கூடத்தில் சேரத் தகுதி எதுவும் கேட்கவில்லை. தோராவிலிருந்து வாழ்க்கைக்கு வருவது பழைய வழி, இப்போது நாம் வெளியே எங்கெங்கோ போய்விட்டோம், அந்த வாழ்க்கையிலிருந்து தோராவை நோக்கி நடக்கிற படிப்புதான் இனித் தேவை என்பது அவர் வாதம். எதுவும் தெரியாமல் வருகிறவருக்கே முதல் மரியாதை. வேதியியலாளரும் மருத்துவரும் பாடம் நடத்தினார்கள், தாங்களும் கற்றுக்கொண்டே. மார்ட்டின் பூபர், கெர்ஷோம் ஷோலெம், எரிக் ஃப்ரோம் எல்லாரும் அங்கே நடத்தியவர்கள்தான்.

1922இல் ரோசன்ஸ்வைக்குக்கு நரம்பு நோய் வந்து உடல் முழுக்கச் செயலிழந்தது. மனைவி எழுத்துப் பலகையைப் பிடிக்க, சைகையால் எழுத்துகளைக் காட்டிக் காட்டியே கட்டுரைகளும் பைபிள் மொழிபெயர்ப்பும் செய்தார். 1929இல் இறந்தார். அதற்குள் கல்விக்கூடமும் ஓய்ந்துபோயிருந்தது.

ஹிட்லர் வந்த 1933இலேயே பூபர் அதை மறுபடி திறந்தார். யூதர்களை வேலையிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் துரத்திக்கொண்டிருந்த நேரம். அன்றுவரை தங்களை வெறும் ஜெர்மானியர் என்று நினைத்திருந்தவர்கள், நீ யூதன் என்று முத்திரை குத்தப்பட்டபோது, அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தார்கள். 1938 வரை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஹீப்ரு எழுத்தே அறியாதவர்கள். கல்வெட்டு ஐயா, அப்படி வந்தவரிடம் 2,711 ஏட்டில் முதல் ஏட்டிலிருந்து தொடங்கு என்று சொல்ல முடியாது. லிமூட் நேரடியாக அதன் வாரிசு இல்லை. ஆனாலும் தகுதி கேட்காமல் உள்ளே விடும் அந்தக் குணம் இரண்டுக்கும் பொது.

கரகரப்பிரியா:
இசை பற்றி யாரும் பேசவில்லையே! நான் டொராண்டோவில் இப்படி ஒரு நாளுக்குப் போயிருக்கிறேன். இசை அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

இந்த நாட்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு ஒரு காரணம் இசையும்தான். சனிக்கிழமை ஷப்பாத், அவர்களுடைய ஓய்வு நாள். மரபு வழி நடப்பவர்கள் அன்று வண்டி ஓட்ட மாட்டார்கள், பேனா எடுத்து எழுத மாட்டார்கள், வாத்தியம் தொட மாட்டார்கள். வாசிக்கும்போது தந்தி அறுந்தால் அதைச் சரிசெய்யக் கை போகும், அது வேலை ஆகிவிடும் என்பது தல்மூத் காலத்துக் காரணம். 1818இல் ஹாம்பர்க் நகரின் சீர்திருத்தக் கோயிலில் வழிபாட்டுக்கு ஆர்கன் வாசித்ததற்கு எழுந்த சண்டை யூத வரலாற்றில் பெரிய சண்டைகளில் ஒன்று. ஞாயிறு என்றால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. எல்லாரும் வாத்தியத்தோடு வரலாம்.

முதல் அமர்வு நிகூன். சொல்லே இல்லாத மெட்டு. யா-ப-பம், லை-லை-லை என்று ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசீத் இயக்கம் வளர்த்தது. சொல்லுக்கு எல்லை உண்டு, மெட்டுக்கு இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. ஹங்கேரியில் காலிவ் ரபி ஓர் ஆட்டிடையனிடம் காசு கொடுத்து ஒரு மெட்டை வாங்கினார் என்று கதை உண்டு. நெப்போலியன் படையின் அணிவகுப்பு மெட்டு ஒன்றை ஹபாத் என்ற ஹசீத் பிரிவினர் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் யோம் கிப்பூர் உபவாசம் முடியும் நேரத்தில் அதைப் பாடுகிறார்கள். அறையில் இருந்த யாருக்கும் அது யாருடைய மெட்டு என்ற கவலை இல்லை. மூன்றாவது சுற்றில் மேசையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார்கள், நானும்தான்.

அடுத்து அலெப்போ யூதர்களின் முறை. நம் ராகம் மாதிரி அவர்களுக்கு மகாம். அந்த வாரம் சினகாக்கில் (யூதர்களின் வழிபாட்டுக் கூடம்) வாசிக்கப்போகும் தோராப் பகுதி எதைப் பற்றியதோ அதற்கேற்ப அந்தச் சனிக்கிழமைக் காலை வழிபாட்டின் மகாம் மாறும். துக்கம் வரும் வாரத்துக்கு ஒன்று, மகிழ்ச்சிக்கு வேறொன்று. வழிபாட்டை நடத்துபவருக்கு அந்த வாரத்து வரிகள் தெரிந்தால் போதாது, மகாமும் கைவர வேண்டும். நான் சின்ன வயதில் இருந்து கர்நாடக இசை கற்றவள். இதைக் கேட்டதும் அந்த ஆசிரியரை விடவே இல்லை. இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து ஹிஜாஸ் மகாமைப் பாடிக் காட்டச் சொன்னேன். இரண்டாம் சுரத்துக்கும் மூன்றாம் சுரத்துக்கும் நடுவே உள்ள அந்த அகன்ற இடைவெளியில் அவர் குரல் இறங்கியபோது மாயாமாளவகௌளையின் வாசம் அடித்தது. நான் ஒரு வர்ணத்தின் முதல் வரியைப் பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கிளெஸ்மர் பற்றிச் சுருக்கமாக. கிழக்கு ஐரோப்பியக் கல்யாண வாத்தியக் குழு. பழைய காலத்தில் வயலின்தான் ராஜா, பிறகு கிளாரினெட். அழுகையும் சிரிப்பும் கலந்த வாசிப்பு. கேட்டுப் பாருங்கள், எழுதி விளக்க முடியாது.

செங்காந்தள்:
அக்கா, ஒரு சந்தேகம். மரபு வழி யூத ஆண்கள் பெண்கள் பாடுவதைக் கேட்க மாட்டார்கள் என்று வாசித்திருக்கிறேன். நீங்கள் பாடினீர்கள்தானே?

கரகரப்பிரியா:
உண்மைதான் தங்கை. கோல் இஷா, அதாவது பெண் குரல், என்ற விதி. கடுமையாகக் கடைப்பிடிப்பவர்களும் உண்டு, ஒதுக்கிவிட்டவர்களும் உண்டு. ஒரே நேரத்தில் பல அறைகளில் பல அமர்வுகள் நடப்பதால் சங்கடமானவர் வேறு அறைக்குப் போகிறார். யாரும் யாரையும் இழுப்பதில்லை.

ஆனால் நமக்குப் பக்கத்திலேயே இதற்கு மாறான மரபு இருந்தது. கொச்சி யூதர்கள். அங்கே பெண்கள் ஆண்களுக்கு முன்னால் தாராளமாகப் பாடினார்கள். ஹீப்ரு வழிபாட்டுப் பாடல்களும் பாடினார்கள், யூத மலையாளத்தில் தங்களுக்கென்றே பாடல்களும் வைத்திருந்தார்கள். கல்யாணப் பாட்டு, பைபிள் கதைப் பாட்டு, ஒவ்வொரு சினகாக்கையும் கட்டிய கதை சொல்லும் பாட்டு. எல்லாம் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களில். அம்மாவிடமிருந்து மகளுக்கு, ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் நகல் எடுத்து. 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நோட்டுகளும் போயின. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாது. பாட்டிகள் தங்களுக்குள் கூடும்போது மட்டும் பாடினார்கள். பார்பரா ஜான்சன், ஸ்கறியா சக்கரியா போன்ற அறிஞர்கள் அந்த நோட்டுகளைத் தேடிச் சேகரித்துப் படித்தார்கள். 2004இல் எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம் அந்தப் பெண்கள் பாடிய பாடல்களைக் குறுந்தகடாக வெளியிட்டது.

நான் போன நாளில் இதற்கு ஒரு தனி அமர்வு இருந்தது. ஒரு மலையாள வரியை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி வார்த்தை எனக்குத் தமிழாகவே கேட்டது. போலந்து வழி வந்தவர்களும் மொராக்கோ வழி வந்தவர்களும் 'ழ' உச்சரிக்க முயன்றதைப் பார்க்க வேண்டுமே. முகம் சிவக்கச் சிவக்க விடாமல் முயன்றார்கள்.

தூரிகை:
கைவேலை பற்றி நான் சொல்கிறேன். காகிதம் வெட்டுதல் என்று கல்வெட்டு ஐயா எளிதாகச் சொல்லிவிட்டார்.

தோராச் சுருள் எழுதுபவரைச் சோஃபேர் என்பார்கள். ஒரு சோஃபேர் நடத்திய பயிற்சியில் நான் கலந்துகொண்டேன். வாத்து அல்லது வான்கோழி இறகைச் சீவி எழுதுகோல். உண்ணத் தகுந்த விலங்கின் தோலைப் பதப்படுத்திய ஏடு. தோராவில் 304,805 எழுத்துகள். ஒன்று குறைந்தாலோ, இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டாலோ, சரிசெய்யும்வரை அந்தச் சுருளிலிருந்து வாசிக்கக் கூடாது. நினைவிலிருந்து எழுதக் கூடாது, எத்தனை மனப்பாடமாக இருந்தாலும் பார்த்துத்தான் எழுத வேண்டும். இறைவனின் பெயரை எழுதுமுன் அந்த நோக்கத்தை வாயால் சொல்லிவிட்டு எழுத வேண்டும். எழுதிய பின் அந்தப் பெயரை அழிக்கவே கூடாது. சாதாரணச் சொல்லில் பிழை வந்தால் மை காய்ந்த பிறகு கத்தியால் சுரண்டித் திருத்தலாம். பெயரில் பிழை வந்தால் அந்த ஏட்டையே எடுத்துப் புதைத்துவிட்டு வேறு ஏட்டில் எழுத வேண்டியதுதான். ஒரு சுருளுக்கு ஓர் ஆண்டு கூட ஆகும்.

எங்களுக்குத் துண்டுத் தோல் கொடுத்து ஓர் எழுத்து எழுதச் சொன்னார். ஷின் எழுத்து. மூன்று கிளை, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தடிப்பு, இடது கிளையில் முடி மாதிரி மூன்று சின்னக் கோடுகள். இறகு மையை ஒரே சீராக விடாது. கோணம் கொஞ்சம் மாறினால் கோடு பருத்துவிடும். நான் தொழில்முறை ஓவியர், கை பழகியதுதான். ஆனாலும் அந்த ஒரு எழுத்துக்கு அமர்வு முழுவதும் போனது. முடித்தபின் என் பக்கத்தில் இருந்த பெரியவர், இத்தனை வருடமாகச் சினகாக்கில் இந்தச் சுருளுக்கு முன் நின்றிருக்கிறேன், ஓர் எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று இன்றுதான் பார்த்தேன் என்றார். இதை மேலோட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காகித வெட்டுக் கலையும் அப்படித்தான். போலந்து வீடுகளில் எருசலேம் இருக்கும் கிழக்குத் திசையைக் காட்டச் சுவரில் மாட்டும் மிஸ்ராஹ் படங்களை ஒரே தாளை மடித்து, பேனாக் கத்தியால் வெட்டிச் செய்தார்கள். சிங்கம், மான், கழுகு, பூங்கொடி. ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகும் கலை. போரில் அந்த வீடுகளே அழிந்தன, எஞ்சியவை சொற்பம். இன்று ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து கத்திரியும் தாளுமாக ஒருவர் சிங்கம் வெட்டுகிறார் என்றால் அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

மறைமலை2:
இஸ்ரேல் - பாலஸ்தீனம் பற்றி அங்கே பேசினார்களா இல்லையா? அதை விட்டுவிட்டுப் பாட்டும் படமும் மட்டும் பேசுகிறீர்களே.

தேம்ஸ்வாசி:
பேசினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வு, ஒன்றுக்கொன்று முரணான நிலைப்பாடு உள்ளவர்கள். ஓர் அறையில் குரல் உயர்ந்தது, ஒருவர் எழுந்து வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் அவரே தேநீர் வரிசையில் அதே பேச்சாளருடன் வாதத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

மட்டுறுத்துநர்:
அந்தப் பொருளுக்கு உலக அரசியல் பகுதியில் தனி இழை ஓடுகிறது. தயவுசெய்து அங்கே தொடருங்கள். இங்கே இழையின் பொருளுக்குள் இருப்போம்.

தேம்ஸ்வாசி:
கல்வெட்டு, உங்கள் பதிவை அச்செடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய் மொழிபெயர்த்துச் சொன்னேன். அகீவா கறுப்பு உடையில் போகும் இடம் வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். லிமூட்டுக்கே இது நேர்ந்திருக்கிறது என்றார். பல ஆண்டுகள் பிரிட்டனின் தலைமை ரபி இந்த விழாவுக்குப் போகாமல் தள்ளியே இருந்தார். மற்றப் பிரிவினருக்குச் சம இடம் கொடுக்கும் மேடையில் நிற்பது ஒப்புதல் கொடுப்பது ஆகிவிடும் என்ற அச்சம் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பலருக்கு. 2013இல் பதவிக்கு வந்த எஃப்ரெயிம் மிர்விஸ் அந்த ஆண்டே போனார். போகக் கூடாது என்று கடும் மரபினரான சில ரபிகள் கூட்டறிக்கையே விட்டிருந்தார்கள். அதையும் மீறித்தான் போனார். தலைமை ரபி ஒருவர் பதவியில் இருக்கும்போது கலந்துகொண்டது அதுவே முதல் முறை. போனவர் பாடம் எடுத்தார், அரங்கம் கொள்ளாத கூட்டம்.

தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற பழைய தொகுப்பில் ஒரு வரி: வானத்தின் பொருட்டு நடக்கும் வாதம் நிலைக்கும், ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு அறிஞர்கள் வாதாடியதைப் போல. லிமூட் இதைத் தன் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அவர்கள் வழி வந்த இரண்டு பள்ளிகளும் மூன்று ஆண்டுகள் வாதாடின என்கிறது தல்மூத். கடைசியில் இரண்டுமே உயிருள்ள கடவுளின் சொற்கள், ஆனால் சட்டம் ஹில்லேல் பக்கம் என்று குரல் வந்தது. ஏன் ஹில்லேல் பக்கம்? அவர்கள் மென்மையானவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதுவும் தங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்பே. எலியேசருக்கு நடந்தது இதற்கு நேரெதிர். வாதத்தில் ஜெயித்தவர்கள் தோற்றவரின் தீர்ப்புகளை எரித்தார்கள். இரண்டு கதையையும் ஒரே தல்மூத் வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கல்வெட்டு:
ஹில்லேல் பள்ளி எதிர்த்தரப்பை முதலில் கற்பித்தது எனக்கும் பிடித்த இடம். ஆழம் வேண்டும் என்ற என் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தூரிகை எழுதிய அந்தப் பெரியவரையும் ஃப்ராங்க்ஃபுர்ட்டில் எழுத்தே தெரியாமல் வந்தவர்களையும் படித்தபின், ஆழத்துக்குப் போகும் வாசல் இதுவாகவும் இருக்கலாம் என்று ஏற்கிறேன். நீங்கள் அந்தத் தாதி அம்மாவுடன் மீதிக் கதையை வாசித்தீர்களா?

தேம்ஸ்வாசி:
வாசிக்கிறோம். வாரம் ஒருமுறை நூலகத்தில், பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். இம்மா ஷாலோம் வரும் இடத்தில் நிற்கிறோம். விலக்கம் செய்தவர்கள் செய்தது சரி என்கிறார் தாதி அம்மா. இன்னும் என்னை மசிய வைக்க முடியவில்லை.

செங்காந்தள்:
அண்ணா, லீட்ஸில் அடுத்து நடக்கும்போது போகப்போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும், என்ன செய்யக் கூடாது?

தேம்ஸ்வாசி:
முன்பதிவு செய்துகொள். பாதுகாப்புச் சோதனை இருக்கும், பதிவில்லாமல் வாசலில் போய் நின்றால் சிரமம். சாப்பாடு கோஷர் (யூத உணவு விதிப்படி ஆனது), அதனால் வெளிச் சாப்பாட்டைப் பொதுக் கூடத்துக்குள் கொண்டுபோகாதே. நிகழ்ச்சி நிரலை முதல்நாள் இரவே வாசித்து வை, ஒரே நேரத்தில் பிடித்த அமர்வு இரண்டு மூன்று மோதும். ஹீப்ரு தெரியாவிட்டால் பரவாயில்லை, மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் அச்சிட்டுத் தருவார்கள். ஹவ்ருத்தா என்று போட்டிருந்தால் தயங்காமல் போய் முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் உட்கார். கரகரப்பிரியா சொன்ன மாதிரி இசை அறையில் மாட்டிக்கொண்டால் அதுவும் நல்லதுதான். போய் வந்ததும் இங்கே வந்து எழுது.